சித்தேரியும் இணையவழித் தத்துவ ஆய்வரங்கும்

தத்துவத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர்கள் காணொளி வழியாகக் கூடி, தங்கள் ஆய்வின் ஒரு பகுதியை முன்வைத்து, அதன்மீது எழும் கேள்விகளுக்கு விடை கூறும் கூட்டமே இணையவழித் தத்துவ ஆய்வரங்கு. இந்தியாவில் இது 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் பரவலாயிற்று. கருவி புதியது, அதில் நடைபெறும் செயல் பழையது. ஒரு கொள்கையைச் சபையில் வைத்து, தடையைக் கேட்டு, விடை சொல்லும் வழக்கம் தமிழகத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வந்துள்ளது. அந்தச் சபைக்குள் யாரால் வர முடிந்தது, வந்தவருக்குப் பேச எவ்வளவு இடம் கிடைத்தது என்பதைப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைவில் இருக்கும் ஓர் ஊரிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். அவ்வகையில் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரியை முன்னிறுத்தி இவ்வரலாறு இங்குத் தொகுக்கப்படுகிறது.

சித்தேரி

சித்தேரி, அரூரை அடுத்து எழும் கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதி. அதே பெயரில் அமைந்த ஊராட்சியில் மலைமுகடுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் பல. இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இப்பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் மலையேறி வந்ததாக இம்மக்களிடையே வழங்கும் கதையை எட்கர் தர்ஸ்டன் தம் தொகுதிகளில் பதிவு செய்துள்ளார். சாமை, தினை, வரகு, மரவள்ளி ஆகியவை மலைநிலத்தின் பயிர்கள். 1992 ஜூன் மாதக் கொடுமையால் நாடறிந்த வாச்சாத்தி இம்மலையின் அடிவாரத்தில்தான் உள்ளது.

சித்தேரியில் பழங்குடியினருக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளி இயங்குகிறது. பழங்குடி மாணவர்கள் முனைவர் பட்ட ஆய்வு செய்ய நடுவண் பழங்குடியினர் நல அமைச்சகம் ஆண்டுக்கு 750 பேருக்குத் தேசிய ஆய்வு உதவித்தொகை வழங்குகிறது. ஆகவே இம்மலையிலிருந்து ஒருவர் தத்துவ ஆய்வாளராவதற்குச் சட்டத்திலோ விதியிலோ தடை ஏதும் இல்லை. தடை தொலைவில் இருக்கிறது. மலைப்பேருந்தில் அரூருக்கு இறங்கி, அங்கிருந்து வேறு பேருந்து மாறிச் சென்னை சேர்வதற்கு ஒரு பகலோ இரவோ கழிந்துவிடும். இரண்டு மணி நேர ஆய்வரங்குக்காக இப்படிப் போய்வர இரண்டு நாளும், கைப்பணமும், தங்க இடமும் வேண்டும்.

பட்டிமண்டபமும் பரபக்கமும்

தமிழில் தத்துவ விவாதத்தின் மிக விரிவான பழைய காட்சி மணிமேகலையில் உள்ளது. இந்திர விழாவை அறிவிக்கும் பகுதியிலேயே வாதத்தில் வல்லவர்கள் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைக்கப்படுகிறார்கள். பகைவரோடும் சினமும் சண்டையும் வேண்டாம் என்ற அறிவுரையும் அங்கேயே வருகிறது. பின்னர் வஞ்சி நகரில் மணிமேகலை அளவைவாதி முதல் பூதவாதி வரை பத்துச் சமயக்கணக்கரின் கொள்கைகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். கண்ணால் கண்டதை மட்டுமே ஒப்புக்கொள்ளும் பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை நீ எவ்வாறு அறிந்தாய் என்று அவள் கேட்பது அக்காட்சியின் கூர்மையான இடம்.

ஒரு செய்தியை வாசகர்கள் எளிதில் கடந்துவிடுகிறார்கள். மணிமேகலை தன் இளம்பெண் உருவில் அச்சபைக்குச் செல்லவில்லை. மந்திரத்தால் மாதவர் ஒருவரின் வடிவம் கொண்டு செல்கிறாள். அந்த உருவத்தில் கேட்டால்தான் பெரியவர்கள் வாய் திறப்பார்கள் என்பது காப்பியத்தின் கணக்கு. சபைக்குள் நுழைய அறிவு மட்டும் போதாது என்பதைக் காப்பியப் புலவர் நன்கு அறிந்திருந்தார்.

அவள் காஞ்சிக்கு வந்தபின் அறவண அடிகள் அவளுக்கு அளவையியல் கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்ற ஐந்து உறுப்புகளைக் கூறி, கடைசி இரண்டும் திட்டாந்தத்துள் அடங்கும் என்கிறார். பிறகு தவறான வாதங்கள் வகைப்படுத்தப்படுகின்றன: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. வாதத்தில் தவறக்கூடிய 33 வழிகளை ஒரு பெண் துறவிக்குக் குரு தமிழில் எடுத்துரைக்கும் இப்பகுதி, இன்றைய ஆய்வுமுறையியல் வகுப்புக்கும் பாடமாக வைக்கத் தக்கது.

நீலகேசியில் இவ்வழக்கம் இன்னும் போர்க்குணம் கொள்கிறது. பேயாக இருந்து சமண நெறிக்கு வந்த நீலகேசி ஊர் ஊராகச் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் எனப் பலரையும் வாதில் எதிர்கொள்கிறாள். இந்நூலைச் சமயதிவாகர வாமன முனிவரின் உரையுடன் 1936இல் பதிப்பித்த அ. சக்கரவர்த்தி, சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. தருமபுரிக்கும் இந்த வாத மரபு அந்நியமானதன்று. தகடூர் என்ற பழம்பெயருடன் விளங்கிய இவ்வூரில் நுளம்பர் காலத்தில் சமணப் பள்ளி இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு நூல்வடிவமே தந்தது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 நூற்பாக்களால் ஆனது. ஒவ்வொன்றும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று விரியும். அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளை உடையது. முதலில் வருவது பரபக்கம். உலகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி வரை 14 மதத்தினரின் கொள்கைகளை எடுத்துக்கூறி மறுத்த பின்பே நூலாசிரியர் தம் கொள்கைக்கு வருகிறார். மறுப்பதற்காகவேனும் மாற்றாரின் வாதத்தை அவர் சொல்லும் வரிசையில் சொல்லியாக வேண்டும் என்ற ஒழுங்கு இதில் இருக்கிறது. அருணந்தியே மெய்கண்டார் குடும்பத்தின் மூத்த குரு என்றும், சிறுவராக இருந்த மெய்கண்டாரிடம் கேள்வி கேட்கப் போய் மாணவரானவர் என்றும் மரபுக் கதை கூறும். அவருடைய மற்றொரு நூலான இருபா இருபஃது முழுவதும் குருவிடம் ஐயங்களை வினவும் போக்கிலேயே அமைந்துள்ளது.

நாற்றங்காலும் பல்கலைக்கழகமும்

ஆய்வரங்கு என்று நாம் தமிழாக்கும் ‘செமினார்’ ஜெர்மன் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தது. மூலமான இலத்தீன் சொல்லுக்கு நாற்றங்கால் என்று பொருள். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1730களின் இறுதியில் கெஸ்னர் நடத்திய மொழியியல் செமினாரும், ஹாலேயில் 1787இல் வுல்ஃப் தொடங்கியதும் முன்னோடிகள். பேராசிரியர் பேச மாணவர் எழுதிக்கொள்ளும் விரிவுரைக்கு மாறாக, மாணவர் கட்டுரை படிக்க மற்றவர்கள் அதைச் சோதிப்பது இதன் முறை. 1810இல் நிறுவப்பட்ட பெர்லின் பல்கலைக்கழகத்தின் வழியாக இம்முறையும் முனைவர் பட்டமும் சேர்ந்தே உலகெங்கும் பரவின. அமெரிக்காவில் யேல் 1861இலும், இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு 1917இலும் இப்பட்டத்தை ஏற்றன.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியபோதும் அங்குத் தத்துவத்துக்கு ஆய்வுத்துறை அமைந்தது 1927இல்தான். அதுவரை தத்துவம் கல்லூரிப் பாடமாக இருந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஏ. ஜி. ஹாக்கிடம் பயின்ற சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1909இல் மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். 1925இல் கல்கத்தாவில் இரவீந்திரநாத் தாகூர் தலைமையில் இந்தியத் தத்துவப் பேரவையின் முதல் கூட்டம் நடந்தது. வெவ்வேறு பல்கலைக்கழகத்தார் ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூடிக் கட்டுரை படிக்கும் வழக்கம் அதனால் நிலைபெற்றது.

சென்னைத் துறையின் முதல் தலைவர் எஸ். எஸ். சூரியநாராயண சாஸ்திரி. ஸ்ரீகண்டரின் சிவாத்வைதம் குறித்த நூலும் வேதாந்த நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகளும் அவருடைய பணிகள். அவருடைய மாணவர் டி. எம். பி. மகாதேவன் (1911–1983) வித்யாரண்யரின் அத்வைதத்தை ஆய்ந்து முனைவரானார். அந்நூல் 1938இல் வெளிவந்தது. சாஸ்திரி 1942இல் மறைந்தபின் துறையைப் பல பத்தாண்டுகள் வழிநடத்தியவர் மகாதேவனே. 1964இல் பல்கலைக்கழக மானியக் குழு இத்துறையை உயராய்வு மையமாக அங்கீகரித்தது. இன்றைய இராதாகிருஷ்ணன் தத்துவ உயராய்வு நிறுவனத்தின் அடிப்படை அதுவே. ‘இந்தியன் ஃபிலாசஃபிகல் ஆனுவல்’ என்ற ஆண்டிதழ் மையத்தின் கட்டுரைகளைச் சுமந்து வந்தது. சித்தியாரின் சுபக்கத்தை அதன் ஆறு உரைகளுடன் வைத்து ஆய்ந்த வ. ஆ. தேவசேனாபதியின் நூல் 1960இல் இங்கிருந்து வெளியாயிற்று. மெய்கண்ட மரபு பல்கலைக்கழக ஆய்வரங்குக்குள் வந்து சேர்ந்த வழிகளில் இது முக்கியமானது. ஆனால் வந்தது ஆங்கிலத்தில்.

மொழிச் சிக்கலை நேராக எதிர்கொண்ட முயற்சி ஒன்று புனேயில் நடந்தது. 1983 ஜூலையில் தயா கிருஷ்ணா, எம். பி. ரேகே முதலியோர் பல்கலைக்கழகத் தத்துவவாதிகளையும் மரபுவழிப் பண்டிதர்களையும் ஒரே கூடத்தில் அமர்த்தினர். எடுத்துக்கொண்ட பொருள் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் எடுப்புக் கோட்பாடு. பண்டிதர்கள் ஆங்கிலம் கற்றுவர வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ரஸ்ஸலைச் சமஸ்கிருதத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நியாய மரபில் வந்தவர்கள் அதைத் தம் அளவைகளால் சோதித்தார்கள். இவ்வுரையாடல் 1991இல் ‘சம்வாதா’ என்ற நூலானது. தமிழ்வழி பயின்ற ஆய்வாளர் ஒருவருக்காகக் கட்டுரையை முன்கூட்டியே தமிழில் ஆக்கித் தரும் பழக்கம் நம் ஆய்வரங்குகளில் இன்றும் அரிதாகவே உள்ளது. முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தமிழில் எழுதலாம் என்ற நிலை வந்தும், கேள்வி நேரத்தின் மொழி பெரும்பாலும் ஆங்கிலமாகவே நிற்கிறது.

இந்தியத் தத்துவ ஆராய்ச்சிக் குழு 1977இல் பதிவு செய்யப்பட்டு, 1981இல் தே. பி. சட்டோபாத்யாயா தலைமையில் செயல்படத் தொடங்கியது. கருத்தரங்குகளுக்கும் உலகத் தத்துவ நாள் நிகழ்ச்சிகளுக்கும் அது நிதி வழங்குகிறது. தமிழகத்தில் தத்துவத்துக்குத் துறையுள்ள நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவை. சென்னை, அண்ணாமலை, மதுரை காமராசர் பல்கலைக்கழகங்கள், சென்னைக் கிறித்தவக் கல்லூரி, விவேகானந்தா கல்லூரி, கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரி ஆகியவற்றைச் சொல்லலாம். இவற்றில் ஒன்றுகூடத் தருமபுரிக்கு அருகில் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் ‘அறவியலும் இந்தியப் பண்பாடும்’ என்றொரு பாடம் இருப்பினும், அதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எல்லாப் பள்ளிகளிலும் கிடைப்பதில்லை.

திரையில் கூடுதல்

தத்துவத் துறையினர் பெருந்தொற்றுக்கு முன்பே இணையத்தில் கூடத் தொடங்கிவிட்டனர். நியூயார்க்கைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரவுன் 2009இல் தொடங்கிய ‘கான்ஷியஸ்னஸ் ஆன்லைன்’ மாநாடு நல்ல எடுத்துக்காட்டு. கட்டுரையும் பதிவுசெய்த உரையும் முதலில் இணையத்தில் ஏறும். பிறகு பல நாட்களுக்கு எழுத்தில் விவாதம் நடக்கும். பேச்சாளர் தூங்கும் நேரத்தில் எழுந்த கேள்விக்கு அவர் விழித்து, யோசித்து விடை எழுதலாம். மெதுவான இணைப்பு உள்ளவருக்கும் இது இசைவானது. ஏனோ இம்முறை இந்தியாவில் வேர்பிடிக்கவில்லை.

இங்கு வந்தது நேரலைக் காணொளி. 2020 மார்ச் 25இல் நாடு முழுதும் ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் இறுதியில் பல்கலைக்கழக மானியக் குழு, முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வைக் காணொளி வழியாக நடத்தலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. கூகுள் மீட் மே மாதத்தில் எல்லோருக்கும் இலவசமாயிற்று. ஜூமில் கட்டணம் செலுத்தாதவரின் குழுக்கூட்டம் நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும்; அறுந்ததும் மறுபடி நுழைவது அக்காலத்து மாணவர்களுக்குப் பழகிப்போன சடங்கு.

வெபினார்கள் வெள்ளமாக வந்ததற்கு ஊரடங்கு மட்டும் காரணமன்று. 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் மாணவர் ஓர் ஆய்விதழ்க் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும். கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரைகள் படித்திருக்கவும் வேண்டும். கூடங்கள் மூடிக்கிடந்தபோதும் விதி அப்படியே இருந்தது. சான்றிதழுக்காக நடத்தப்பட்ட கூட்டங்கள் பெருகின. கடைசியில் வரும் கூகுள் படிவத்தை நிரப்பினால் மின்சான்றிதழ் வந்துசேரும். இருநூறு பெயர்கள் திரையில் தெரிய, ஒருவர்கூடக் கேள்வி கேட்காமல் நன்றியுரையுடன் முடிந்தவற்றை ஆய்வரங்கு என்று சொல்வது சொல்லுக்குச் செய்யும் அநீதி. 2022 நவம்பரில் வந்த புதிய ஒழுங்குமுறை இக்கட்டாயத்தை நீக்கியது. ஆய்வியல் நிறைஞர் பட்டமும் அதனுடன் முடிவுக்கு வந்தது. வாய்மொழித் தேர்வை இணையவழி நடத்தும் வாய்ப்பு மட்டும் நிலைத்தது. முழுக்க இணையவழியாகவே பெறும் முனைவர் பட்டம் செல்லாது என்பதையும் மானியக் குழு தெளிவுபடுத்தியுள்ளது.

இன்னொரு மாற்றம் தத்துவத் துறைக்கு வெளியே நடந்தது. ஆய்வு, வெளியீட்டு நெறிமுறை குறித்த 30 மணி நேரப் பாடம் எல்லாத் துறை ஆய்வாளருக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அதன் முதல் அலகு ‘தத்துவமும் அறவியலும்’; ஒதுக்கப்பட்ட நேரம் 3 மணி. எத்துறையில் ஆய்ந்தாலும் தத்துவத்தின் பெயரிலேயே பட்டம் பெறும் ஒருவர் தத்துவத்துக்குத் தர வேண்டிய நேரம் இவ்வளவே என்பது நகைப்புக்குரியதா, ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்று கொள்ளத்தக்கதா என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது.

மலையிலிருந்து கேட்டல்

சித்தேரி மலையின் சிற்றூர்களில் கைபேசி அலைவரிசை நெடுங்காலம் சிக்கலாகவே இருந்து வந்தது. முகடு மறைத்தால் கோபுரம் அருகிலிருந்தும் பயனில்லை. அலைவரிசை எட்டாத நாட்டின் 24,680 ஊர்களுக்கு 4ஜி சேவை கொண்டுசெல்லும் திட்டத்துக்கு நடுவண் அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் தந்தது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் பாரத்நெட் பணி தனியே நடந்து வருகிறது. ஊராட்சி அலுவலகம் வரை கம்பி வருவதும், அங்கிருந்து பல கல் தொலைவிலுள்ள சிற்றூர் வீட்டுக்கு இணைப்பு வருவதும் வேறுவேறு.

இணைப்பு அறுவதால் எல்லாக் கூட்டத்துக்கும் ஒரே அளவு நட்டம் ஏற்படுவதில்லை. விவரங்களைத் தரும் சொற்பொழிவில் இரண்டு நிமிடம் விட்டுப்போனால் பிறகு கேட்டு நிரப்பிக்கொள்ளலாம். தத்துவ வாதம் சங்கிலி போன்றது. மேற்கோளைக் கேட்டு, ஏது சொல்லப்பட்ட நேரத்தில் ஒலி நின்று, எடுத்துக்காட்டில் மீண்டும் ஒலி வந்தால், கேட்டவரிடம் வாதம் இல்லை; இரண்டு தொடர்பற்ற வாக்கியங்கள்தாம் உள்ளன. அதன்மேல் அவர் எழுப்பும் கேள்வி பேச்சாளர் சொல்லாத ஒன்றைப் பற்றியதாகிவிடும். பரபக்கத்தை முழுதாகக் கேளாமல் சுபக்கம் பேச நேர்வது அவர் குற்றமன்று. அதை உணர்ந்த மாணவர் பலர் கேள்வியே கேட்பதில்லை. கூடத்தில் இருந்தால் முகக்குறிப்பைக் கண்டு பேராசிரியர், என்ன யோசிக்கிறீர்கள் என்று கேட்டுவிடுவார். படக்கருவியை அணைத்து வைத்திருப்பவரின் தயக்கம் திரையில் ஒரு பெயராக மட்டுமே நிற்கும்.

ஆயினும் பெற்றதும் உண்டு. பயணச் செலவும் தங்குமிடமும் இல்லாமல் புனேயில் நடப்பதையும் சென்னையில் நடப்பதையும் ஒரே வாரத்தில் கேட்க முடிகிறது. சோத்கங்கா தளத்தில் நாட்டின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முன்பு அவற்றைப் பார்க்க அந்தந்தப் பல்கலைக்கழக நூலகப் படியேற வேண்டியிருந்தது. படக்கருவி அணைந்திருப்பதிலும் ஓர் ஆதாயம் இருக்கிறது. உடை, இருக்கை, யார் பக்கத்தில் யார் அமர்ந்தார் என்பவை தெரியாத இடத்தில் கேள்வி மட்டும் கேட்கப்படுகிறது. மணிமேகலைக்கு மந்திரம் தேவைப்பட்ட வேலை அது. உச்சரிப்பும் ஆங்கிலத் தடுமாற்றமும் மட்டும் மறைவதில்லை.

கருவியைவிட நடத்துபவரின் ஏற்பாட்டில்தான் மிகுதி அடங்கியிருக்கிறது. நல்ல ஆய்வரங்குகளில் கட்டுரை சில நாள் முன்னதாகவே எல்லோருக்கும் அனுப்பப்படும். கோப்பு சில நூறு கேபி அளவே இருப்பதால் இரவில் சிறிது நேரம் அலைவரிசை கிடைத்தாலும் இறங்கிவிடும். ஒரு மணி நேரக் குழுக் காணொளிக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி ஆகும். ஒலியை மட்டும் ஏற்றால் அதில் மிகச் சிறு பங்கு போதும். தொலைபேசி எண்ணை அழைத்து ஒலிவழி சேரும் வசதி சில செயலிகளில் உண்டு. எழுத்தில் வந்த கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்வதும், இணைப்பு அறுந்தவரின் முறையைப் பறிக்காமல் அவர் திரும்பியபின் தருவதும், விவாதத்தின் பதிவை அன்றே அனுப்புவதும் செலவில்லாதவை. தமிழில் கேட்கப்பட்ட கேள்வியை அவையிலுள்ள ஒருவர் ஆங்கிலத்தில் எடுத்துரைக்க ஒரு நிமிடம்தான் ஆகும். இதற்குப் புனேயிலேயே வழிகாட்டுதல் இருக்கிறது.

மலையாளி மக்களின் ஊர்க்கூட்டங்களில் வழக்கை ஊர்க்கவுண்டர் முன் இரு தரப்பும் சொல்லி முடிக்கும் மரபு உண்டு. பழங்குடி மக்களின் நீதி, நிலம், உறவு பற்றிய கருத்துகள் மானிடவியல் துறையில் தரவுகளாகப் பதிவாகின்றன. அவற்றைத் தத்துவ நிலைப்பாடுகளாக, ஏதுவும் எடுத்துக்காட்டும் கொண்ட வாதங்களாக அவைமுன் வைக்க அம்மக்களிடமிருந்தே ஆய்வாளர்கள் வர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின்முன் தம் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும் என்பது இன்றைய விதி. ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் துறையின் ஆசிரியர்களும் பிற ஆய்வாளர்களும் கேட்கும்படி உரை நிகழ்த்தவும் வேண்டும். அந்த நாளில் சித்தேரிக்காரர் சென்னைக்கோ சிதம்பரத்துக்கோ மலையிறங்கிப் போவார். இடைப்பட்ட மாதங்களின் கூட்டங்களுக்கு அவரிடம் இருப்பது ஒரு கைபேசியும், அலைவரிசை எட்டும் மேட்டு இடமும், முன்னதாக வந்திருந்தால் அச்சுக்கட்டுரையும்தான்.